கோடிங் தொடங்கும் முன் ஐந்து பேரிடம் காட்டுங்கள்

புதிதாக ஒரு புரோகிராம் தயாரிக்கிறீர்கள். மளிகைக் கடைக்கான பில்லிங் புரோகிராம், குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவுக்கு ஓர் எக்ஸெல் பைல், பள்ளிக்கான வெப் தளம், மொபைல் போனில் இயங்கும் சிறிய அப்ளிகேஷன் என எதுவாகவும் இருக்கலாம். பல வாரங்கள் உழைத்து முடித்து, பயன்படுத்தப் போகிறவரிடம் தருகிறீர்கள். அவர் முதல் திரையிலேயே நின்றுவிடுகிறார். "அடுத்து எங்கே அழுத்தணும்?" என்று கேட்கிறார்.

இந்த நிலையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். புரோகிராமின் அடித்தளத்தையே மாற்ற வேண்டி வரும்; இதற்குப் பணமும் நேரமும் இருக்காது. அல்லது புரோகிராம் அப்படியே இருக்கும். "அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்று பழி பயன்படுத்துபவர் மேல் விழும். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

இதனைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உள்ளது. புரோகிராமில் ஒரு வரி எழுதும் முன்பே, அதன் திரைகளைத் தாளில் வரைந்து, பயன்படுத்தப் போகிறவர்களில் ஐந்து பேரிடம் தந்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் எனப் பார்ப்பதுதான் அது. செலவு, சில தாள்களும் ஒரு பென்சிலும். ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். இதனை எப்படிச் செய்வது, எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பதை இங்கு காணலாம்.

தமிழ் கீ போர்ட் தரும் பாடம்

நாம் அனைவரும் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1990களில் தமிழில் டைப் செய்திட ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கீ போர்ட் அமைப்பையும் எழுத்துருக் குறியீட்டையும் வைத்திருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் அடித்த கடிதத்தை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தால் படிக்க முடியாது. இதற்குத் தீர்வு காண, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. பொதுவான கீ போர்ட் அமைப்பு ஒன்று அங்கு முன்வைக்கப்பட்டது. ஆனால் அன்றே அது இறுதியாக்கப்படவில்லை. மென்பொருள் தயாரிப்பவர்களும் பயன்படுத்துபவர்களும் சோதித்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல அவகாசம் தரப்பட்டது. அதன் பின்னரே, 1999 ஜூன் 13 அன்று தமிழக அரசின் ஆணை வெளியானது. இன்று விண்டோஸ், ஆப்பிள் கம்ப்யூட்டர்களிலும் பல மொபைல் போன்களிலும் காணப்படும் தமிழ்99 கீ போர்ட் இதுதான்.

ஒரு கீ போர்ட் அமைப்பை ஏன் சோதித்துப் பார்க்க வேண்டும்? விதிகளைப் படித்தாலே நன்றாக இருக்கிறதா இல்லையா எனத் தெரிந்துவிடாதா? தெரியாது. தமிழ்99இல் உள்ள ஒரு விதியைப் பார்ப்போம். ஒரே மெய்யெழுத்துக் கீயை இரு முறை தொடர்ந்து அழுத்தினால், முதல் எழுத்தின் மேல் புள்ளி தானாக வந்துவிடும். "அம்மா" என அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு கீகள் போதும். அதே போல ந, த என அடுத்தடுத்து அழுத்தினால் "ந்த" கிடைக்கும். தமிழில் இத்தகைய இணைகள் மிக அதிகம் என்பதால், இதனால் மிச்சமாகும் அழுத்தங்களும் அதிகம். காகிதத்தில் படிக்கும்போது அருமையான யோசனை.

இப்போது வீட்டில் ஒருவரை அழைத்து, இந்தக் கீ போர்டில் "மனனம்" என்று அடிக்கச் சொல்லுங்கள். விதி அறியாதவருக்கு "மன்னம்" என்றுதான் வரும். இரண்டு ன-க்கு நடுவே அ கீயை ஒருமுறை அழுத்த வேண்டும் என்பது அவருக்குத் தோன்றாது. டைப்ரைட்டரில் பழகிய ஒருவர் என்றால் வேறொரு சிக்கல். டைப்ரைட்டரில் "கெ" அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. தமிழ்99இல் முதலில் க, பிறகு எ. அவர் விரல் கொம்பைத் தேடிப் போகும். நேரம் தவறாமல் புள்ளியையும் அவரே அடிப்பார். நல்ல வேளையாக, புள்ளியைத் தனியாக அடித்தாலும் தமிழ்99 ஏற்றுக் கொள்கிறது. விதி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் "அம்மா" சரியாகவே வரும். இது நல்ல வடிவமைப்பின் அடையாளம்.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான். "இந்த விதி பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாரும் "நன்றாக இருக்கிறது" என்பார்கள். அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால்தான் விரல் எங்கே தயங்குகிறது எனத் தெரியும். கருத்துக் கேட்பதும் கை போகும் இடத்தைப் பார்ப்பதும் வெவ்வேறு வேலைகள். நமக்குத் தேவை இரண்டாவது.

மரக்கட்டை, மறைந்திருந்த டைப்பிஸ்ட், நடைபாதைச் சாவடி

பெரிய நிறுவனங்களும் இதே வழியைப் பின்பற்றியுள்ளன. 1996ல் வெளியான பாம் பைலட் என்ற கையடக்கக் கம்ப்யூட்டரை வடிவமைத்த ஜெப் ஹாக்கின்ஸ், அது தயாராகும் முன், அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால், கட்டையை எடுத்து அதில் குறித்துக் கொள்வது போல் நடிப்பார். எந்த வேலைக்கு அதனைக் கையில் எடுக்கத் தோன்றுகிறது, பையில் அது கனக்கிறதா என்பதெல்லாம் மின்னணுச் சுற்று எதுவும் இல்லாமலேயே தெரிந்தது.

பேசினால் எழுத்தாக மாற்றும் டைப்ரைட்டர் மக்களுக்குப் பயன்படுமா என அறிய ஐ.பி.எம். ஆய்வாளர்கள் செய்த சோதனை 1983ல் வெளியிடப்பட்டது. அன்று அத்தகைய கம்ப்யூட்டர் கிடையாது. எனவே பேசுபவர் ஓர் அறையில் இருக்க, மறைவில் இருந்த ஒரு டைப்பிஸ்ட் கேட்டதை அடித்தார். பேசியவரின் திரையில் எழுத்துகள் தோன்றின. கம்ப்யூட்டர் செய்ய வேண்டியதை மனிதர் ஒருவர் பின்னால் இருந்து செய்து பார்க்கும் இந்த முறையை நாமும் பயன்படுத்தலாம்.

1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போட்டியில் வீரர்களுக்குக் குரல் வழிச் செய்தி அனுப்பும் அமைப்பு ஒன்றை ஐ.பி.எம். உருவாக்கியது. 12 மொழிகளில் அது இயங்க வேண்டும். அதன் மாதிரிச் சாவடி ஒன்றை அலுவலக நடைபாதையில் வைத்துவிட்டு, போகிற வருகிறவர்கள் அதனை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், என்ன சொல்கிறார்கள் எனக் கவனித்து மாற்றங்களைச் செய்தனர்.

ஏன் ஐந்து பேர்?

ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டாவர் ஆகிய இருவரும் 1993ல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் பார்த்த திட்டங்களில் ஒருவரைச் சோதிக்கும்போது சராசரியாக 31 சதவிகிதக் குறைகள் தெரிய வந்தன. இரண்டாம் நபர் அவற்றில் சிலவற்றைத் திரும்பக் காட்டுவார். சிலவற்றைப் புதிதாகக் காட்டுவார். இந்தக் கணக்கில் இருவரிடம் சோதித்தால் 52, மூவரிடம் 67, ஐவரிடம் ஏறத்தாழ 85 சதவிகிதக் குறைகள் வெளிப்படும். ஆறாம் நபரிலிருந்து பெரும்பாலும் பார்த்ததையே பார்ப்போம்.

எனவே ஒரே முறையில் 15 பேரிடம் காட்டுவதைவிட, ஐந்து பேரிடம் காட்டித் திருத்தி, வேறு ஐந்து பேரிடம் காட்டி மீண்டும் திருத்தி, மூன்றாவது ஐந்து பேரிடம் காட்டுவது அதிகப் பயன் தரும்.

ஆனால் ஐந்து என்பது மந்திர எண் இல்லை. 2003ல் லாரா பால்க்னர் 60 பேரிடம் சோதனை நடத்தி, அவர்களில் ஐந்தைந்து பேராகத் தற்செயலாகத் தேர்ந்து கணக்கிட்டார். சில குழுக்கள் 99 சதவிகிதக் குறைகளைக் காட்டின. சில குழுக்கள் 55 சதவிகிதம் மட்டுமே காட்டின. எந்த ஐந்து பேர் என்பது முக்கியம். ஐந்து நண்பர்களும் இன்ஜினியர்கள் என்றால், அது ஒருவரிடம் ஐந்து முறை கேட்டது போலத்தான்.

ஓசூரில் ஓர் எடுத்துக்காட்டு

இதனை ஓசூர் பகுதியை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். பெங்களூருவிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், கர்நாடக எல்லையில் உள்ள ஊர். டைட்டன், டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட் போன்ற பெரிய ஆலைகளும், அவற்றுக்கு உதிரி பாகம் செய்து தரும் சிறிய தொழிற்கூடங்களும் நிறைந்தது. இங்கு ஒரே ஷெட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுபவர்கள் அருகருகே வேலை செய்வார்கள்.

இத்தகைய ஜாப் ஒர்க் கூடம் ஒன்றில், சி.என்.சி. ஆபரேட்டர் ஷிப்ட் முடியும்போது எத்தனை பீஸ் செய்தார் என நோட்டில் எழுதுகிறார். முதலாளி இதனைக் கம்ப்யூட்டரில் பதிய விரும்புகிறார். மெஷின் எண், பாகத்தின் எண், நல்ல பீஸ், ரிஜெக்ட் ஆனவை, காரணம், கடைசியில் ஒரு "ஓகே" பட்டன். நமக்கு இது மிக எளிய திரை.

இதனைத் தாளில் வரைந்து ஆபரேட்டரிடம் தருவதாகக் கொள்வோம். ஒர்க் ஷாப்பில் "ஓகே" என்றால் நல்ல பீஸ். "ஓகே எத்தனை, ரிஜெக்ட் எத்தனை" என்பதுதான் அங்குள்ள பேச்சு. எனவே அந்தப் பட்டனைக் கண்டதும், ரிஜெக்ட் பீஸ் உள்ள நாளில் அதனை அழுத்தலாமா கூடாதா என்ற சந்தேகம் வரும். "பதிவு செய்" என்று மாற்றினால் போயிற்று. தாளில் இது ஒரு ரப்பர் அழிப்பு. மேசைக்கு முன் அமர்ந்து நாள் முழுக்க யோசித்தாலும் நமக்குத் தோன்றாத ஒன்று.

இன்னொன்று இரவு ஷிப்ட். இரவு தொடங்கிக் காலையில் முடியும் ஷிப்டின் கணக்கை, தொடங்கிய நாளின் தேதியில் எழுதுவது நோட்டு வழக்கம் என வைத்துக் கொள்வோம். கம்ப்யூட்டரோ பதிவு செய்யும் நேரத்தின் தேதியைத் தானாகப் போட்டுவிடும். விளைவாக ஒரு நாளில் இரண்டு ஷிப்ட் வேலையும், முந்திய நாளில் ஒன்றும் இல்லாததும் போலக் கணக்கு வரும். பீஸ் கணக்கை வைத்து இன்சென்டிவ் தரும் இடத்தில் இது திரையின் அழகு பற்றிய பிரச்னையாக இருக்காது. ஒரு தொழிலாளியின் சம்பளக் கவர் பற்றிய பிரச்னையாகிவிடும். தாளில் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டு, "நேற்று ராத்திரி ஷிப்ட் கணக்கை எழுதுங்கள்" என்று சொன்னால், அவர் என்ன தேதி எழுதுகிறார் என்பதிலேயே விடை கிடைத்துவிடும்.

ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கும்போதும் இங்கு கவனம் தேவை. தமிழ் வாசிப்பவர் இருவர், தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவர் இருவர், புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் எனத் தேர்ந்தெடுக்கலாம். அப்போதுதான் சொல்லுக்குப் பதில் எண், நிறம், படம் எங்கெங்கே தேவை எனத் தெரியும்.

நீங்களே செய்திட

1. முதலில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். "பில் போடுதல்", "இரவு ஷிப்ட் கணக்கைப் பதிதல்" என்பது போல. முழு புரோகிராமையும் ஒரே நாளில் சோதிக்க வேண்டாம்.

2. அந்த வேலைக்கான திரைகளை ஆளுக்கொரு தாளாக இல்லாமல், திரைக்கொரு தாளாக வரையுங்கள். பென்சிலில் கையால் வரைந்தால் போதும். அழகாக பிரிண்ட் எடுத்துத் தந்தால், "இவ்வளவு செய்துவிட்டாரே" என்று குறை சொல்லத் தயங்குவார்கள். அரைகுறையாகத் தெரிந்தால் தாராளமாகச் சொல்வார்கள்.

3. பட்டியலாக விரியும் மெனுக்கள், எச்சரிக்கைச் செய்திகள் ஆகியவற்றைத் தனித் துண்டுகளாக வெட்டி வைத்துக் கொள்ளுங்கள்.

4. சோதனைக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் கம்ப்யூட்டராக நடிக்க வேண்டும். பயனாளர் ஒரு பட்டனை விரலால் தொட்டதும் அடுத்த தாளை எடுத்து வைப்பது இவர் வேலை. இவர் பேசக் கூடாது. மற்றவர் குறிப்பெடுக்க வேண்டும்.

5. தொடங்கும் முன் இதனைச் சொல்லுங்கள்: "நாங்கள் சோதிப்பது இந்தத் தாளை. உங்களை இல்லை. எங்கே குழப்பம் வருகிறதோ அது எங்கள் தவறு." தொழிற்கூடம் என்றால் சூப்பர்வைசர் அருகில் நிற்கக் கூடாது. நின்றால், அது ஆபரேட்டருக்குத் தேர்வு ஆகிவிடும். தேநீர் இடைவேளையைப் பறிக்காமல் வேலை நேரத்திலேயே நடத்துங்கள். அனுமதி இல்லாமல் படமோ வீடியோவோ எடுக்காதீர்கள்.

6. வேலையைச் சொல்லுங்கள், வழியைச் சொல்லாதீர்கள். "பதிவு பட்டனை அழுத்துங்கள்" என்றால் சோதனையே முடிந்தது. "120 பீஸ் செய்தீர்கள். அதில் 4 ரிஜெக்ட். கணக்கை ஏற்றுங்கள்" எனக் கூறுங்கள்.

7. மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லியபடியே செய்யச் சொல்லுங்கள். "இது எதுக்குன்னு தெரியல", "இங்கதான இருக்கணும்" போன்ற சொற்களை அப்படியே குறித்துக் கொள்ளுங்கள். அவர் பயன்படுத்தும் சொல்லே பின்னர் உங்கள் மெனுவுக்குப் பெயராகலாம்.

8. அவர் தடுமாறும்போது உதவக் கூடாது. இதுதான் மிகக் கடினம். மனதிற்குள் பத்து வரை எண்ணுங்கள். "இப்ப என்ன பண்ணணும்?" என அவர் கேட்டால், "நாங்க இல்லன்னா என்ன பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள்.

கேட்கக் கூடாதவை

"பிடித்திருக்கிறதா?", "எளிதாக இருக்கிறதா?", "இந்த வசதி வேண்டுமா?" ஆகிய மூன்று கேள்விகளையும் தவிர்த்திடுங்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் "சாப்பாடு எப்படி?" எனக் கேட்டால் என்ன பதில் வருமோ, அதுதான் இங்கும் வரும். அதற்குப் பதில், முடிந்த செயலைப் பற்றிக் கேளுங்கள். "இந்த இடத்தில் கொஞ்சம் நின்றீர்களே, என்ன தேடினீர்கள்?", "போன வாரம் இதே கணக்கை எப்படி எழுதினீர்கள்?" போன்ற கேள்விகளுக்கு உண்மையான பதில் கிடைக்கும்.

குறிப்புகளை வரிசைப்படுத்துதல்

சோதனை முடிந்த அன்றே குறிப்புகளைப் பிரித்துவிடுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போதும்: எங்கே நின்றார், என்ன செய்தார், எத்தனை பேருக்கு இது நடந்தது. வேலையை முடிக்க விடாமல் தடுத்த குறைகள் முதலில். தவறான கணக்கைச் சத்தமில்லாமல் ஏற்றிவிடும் குறைகள் அதற்கும் முன்னால். ஒருவர் திணறியதுகூடத் தெரியாமல் தவறான தேதி பதிவாகிவிட்டால், அதனைப் பின்னர் கண்டுபிடிப்பதே கஷ்டம். நிறம், எழுத்தின் அளவு பற்றிய ஆலோசனைகள் கடைசியில்.

குறை பளிச்சென்று தெரிந்தால் ஐந்து பேரும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2 விளையாட்டின் பயிற்சிப் பகுதியைச் சோதித்தபோது, ஒருவர் தடுமாறியதும் திருத்தி, அடுத்தவரிடம் திருத்திய வடிவையே தரும் முறையை மைக்ரோசாப்ட் குழுவினர் கையாண்டு, 2002ல் அது பற்றி எழுதியுள்ளனர். தாளில் இது இன்னும் சுலபம். அழித்து எழுதினால் ஆயிற்று.

தாள் சொல்லாதவை

தாளில் எல்லாம் தெரிந்துவிடாது. திரை மாற எவ்வளவு நேரம் பிடிக்கும், எண்ணெய்ப் பிசுக்கு உள்ள விரலுக்குத் தொடுதிரை வேலை செய்யுமா, மெஷின் சத்தத்தில் எச்சரிக்கை ஒலி கேட்குமா என்பவற்றை உண்மையான இடத்தில், உண்மையான கருவியில்தான் பார்க்க வேண்டும். ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரில் 7 அங்குலத் தொடுதிரை உள்ளது. இத்தகைய திரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத் தாளில் சோதிக்கலாம். வெயிலில் அது தெரிகிறதா என்பதைச் சாலையில்தான் சோதிக்க முடியும். திரையில் வருவதை விற்ற பிறகும் மென்பொருள் அப்டேட் மூலம் மாற்றலாம். கைப்பிடியில் உள்ள சுவிட்சின் இடத்தை மாற்ற முடியாது. மாற்ற முடியாதது எதுவோ, அதனை முதலில் சோதியுங்கள்.

மேலும், ஐந்து பேர் எளிதாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்பதால் அந்தப் பொருள் விற்றுவிடும் என்று பொருள் கொள்ளக் கூடாது. இந்தச் சோதனை, பயன்படுத்த முடிகிறதா என்பதை மட்டுமே சொல்லும்.

அடுத்த முறை எக்ஸெல்லில் ஒரு பைல் தயாரிக்கும்போதுகூட இதனை முயற்சி செய்து பார்க்கலாம். நெடுவரிசைத் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, அதனை நிரப்பப் போகிறவரிடம் தந்து, நேற்றைய கணக்கை எழுதச் சொல்லுங்கள். அவர் பேனா எங்கே நிற்கிறதோ, அந்த இடத்திலிருந்து உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.